அம்சவேணி குளித்த வழக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழியைக் குளிப்பாட்டுவது குற்றம் இல்லை. குளித்த கோழி பளிச்சென்று இருப்பதுதான் குற்றம். இந்த நுணுக்கமான வேறுபாடு, திண்டிவனத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் கோவிந்தம்மாளுக்கு அதுவரை தெரியாது. அவள் பாட்டுக்கு அரிசி ஊறவைப்பதும் உளுந்து களைவதுமாக இருந்தாள். கோழி விஷயத்தில் மேலே உள்ளவர்கள் இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருப்பார்கள் என்று அந்த மனுஷி எங்கே கண்டாள்?

அம்சவேணி என்பது கோழியின் பெயர். கோழிக்குப் போய் இப்படி ஒரு பெயரா என்று யாராவது சிரித்தால், “உனக்குக் கூடத்தான் பேரு வெச்சிருக்குது, நீ இன்னா முட்டையா உடற?” என்று கேட்டுவிடுவாள் கோவிந்தம்மாள்.

அது வந்ததே குழம்புக்குத்தான். மகள் கலைமதியைக் கிளியனூரில் கட்டிக் கொடுத்த புதிதில், மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறார் என்று புருஷன் நடராசன் சந்தையில் பிடித்து வந்த வெள்ளைப் பெட்டை. மசாலா அரைத்தாயிற்று, வெந்நீர் கொதித்தாயிற்று. கோழியோ நேராக நடந்து வந்து கோவிந்தம்மாளின் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடித் தூங்கிவிட்டது. அவள் காலை நகர்த்தவே இல்லை. அன்றைக்கு மாப்பிள்ளைக்கு முட்டைக் குழம்புதான், அந்த முட்டையும் கடையில் வாங்கியது. மகள் போன பிறகு வாயடைத்துக் கிடந்த வீட்டில் அன்றிலிருந்து ஒரு பேச்சுக் குரல் கேட்டது. அதில் பாதி “கொக் கொக்” என்றிருந்தால் என்ன குறைந்துவிட்டது? அம்சவேணி இல்லாத வீட்டை இப்போது அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வெள்ளைக் கோழி என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அதனால் ஞாயிறுதோறும் குளியல். அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர், கைக்குழந்தைக்குப் போடும் ஷாம்பு. ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, இறகு போகும் போக்கிலேயே தேய்ப்பாள். எதிர்ப்போக்கில் தேய்த்தால் அம்சவேணிக்குக் கோபம் வந்துவிடும். விரல் இடுக்குக்குப் பழைய டூத்பிரஷ். கடைசியாக அலசும் தண்ணீரில் பேன் அண்டாமல் ஒரு சிட்டிகை மஞ்சள். பிறகு கலைமதி விட்டுப்போன ஹேர் டிரையரை எடுத்துச் சூடான காற்றைக் காட்டினால் போதும், கோழி சொக்கிப்போய் மடியில் சரிந்துவிடும். அந்தத் தூக்கத்திலேயே நகத்தை வெட்டி, கொண்டையில் தேங்காய் எண்ணெய் தடவி முடித்துவிடுவாள். மகளுக்குத் தலை பின்னிவிட்டபோதுகூட இவ்வளவு சமர்த்தாக யாரும் உட்கார்ந்ததில்லை.

அப்படி ஒரு ஆடி ஞாயிற்றில், டிரையர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வீட்டுக்கோழி நல வாரியம் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது.

வாரியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கோழிகளின் நலனுக்காகவே ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. கிளை திண்டிவனத்தில், தலைமை அலுவலகம் விழுப்புரத்தில். இரண்டு இடத்திலும் ஏசி உண்டு, சுழல் நாற்காலி உண்டு, ஆண்டு விழா உண்டு, ஆண்டு விழாவில் சிக்கன் பிரியாணி உண்டு. கோழி மட்டும் கிடையாது.

வந்தவர் கள ஆய்வாளர் பிரவீன்குமார். சின்ன வயசு, பெரிய கூலிங் கிளாஸ்.

“யம்மா, இன்னா பண்ணிக்கினு இருக்கறீங்க?”

“பாத்தா தெரியலயா? அம்சவேணிக்குத் தலை காய வெக்கறேன்.”

“அவங்கள வெளிய வரச் சொல்லுங்க.”

“மடியிலதானப்பா தூங்கறா.”

பிரவீன்குமார் கண்ணாடியைக் கழற்றினார். கோழியைப் பார்த்தார், டப்பைப் பார்த்தார், குனிந்து தண்ணீரை மோந்தும் பார்த்தார். “மஞ்சத் தண்ணியா?”

“ஆமா.”

“இது ஆடி மாசம்.”

“ஆமா, அதுக்கின்னா?”

“எந்தக் கோயிலுக்கு?”

“நான் எங்கப்பா கோயிலுக்குப் போறேன்? மாவு இருக்குது அரைக்க.”

“நீங்க இல்லமா. கோழி.”

கோவிந்தம்மாளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஆடி மாதத்தில் ஒரு கோழியைக் குளிப்பாட்டி மஞ்சள் தண்ணீர் காட்டினால் அது எங்கே போகப் போகிறது என்பது இந்தப் பக்கத்தில் அந்தக் கோழியைத் தவிர எல்லாருக்கும் தெரியும். “ஐயே, அதெல்லாம் இல்லப்பா! இது பேனுக்கு!” என்று அவள் பதறுவதற்குள் அம்சவேணியின் காலில் ஒரு சிவப்பு ரிப்பன் ஏறிவிட்டது.

“நேர்த்திக் கோழி. வர்ற வெள்ளிக்கெழம வாரியத்துல ஒப்படைச்சிடணும்,” என்றார் பிரவீன்குமார். “கோயில்ல கண்டபடி அறுக்கறாங்கமா. கோழி ரொம்ப வேதனப்படுது. அத எங்களால பாத்துக்கினு இருக்க முடியல. அதனால நாங்களே முன்னாடி வாங்கிக்கறோம்.”

“வாங்கி, காப்பாத்திடுவீங்க.”

“அறுத்துடுவோம். ஆனா நலமா.”

சொல்லிவிட்டு அவர் அம்சவேணியின் தலையைப் பரிவோடு தடவிக் கொடுத்தார். நல்ல பிள்ளைதான், வேலை அப்படி.

மறுநாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு கோவிந்தம்மாள் கிளை அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் வாரியத்தின் சின்னம்: குடைக்குக் கீழே ஒரு கோழி. குடையைப் பிடித்திருக்கும் கையில் மோதிரம்கூட வரைந்திருந்தார்கள். உள்ளே கிளை அலுவலர் விருத்தாசலம் நாற்காலியில் அரை வட்டம் இப்படியும் அரை வட்டம் அப்படியும் சுழன்றுகொண்டிருந்தார்.

“ஒலகத்துல கோழி மூணே வகைதான்மா,” என்றார். “கறிக்கு, முட்டைக்கு, நேர்த்திக்கு. உன்னுது எது?”

“மூணும் இல்லீங்க.”

“கறிக்கு இல்லையா?”

“ஐயோ, வாயக் கழுவுங்க.”

“முட்டை?”

“அவ முட்டை உடறத நிறுத்தி ரொம்ப நாளாச்சுங்க.”

“அப்போ நேர்த்திதான். வேற எதுக்கு ஒருத்தி கோழி வளப்பா?”

“சும்மா வளக்கறேங்க.”

விருத்தாசலத்தின் நாற்காலி நின்றது. “சும்மாவா? சும்மாங்கறதுக்கெல்லாம் இந்த ஆபீஸ்ல எடமே கெடயாதும்மா.”

“ஏங்க, நீங்க சும்மாதான ஒக்காந்துக்கினு இருக்கறீங்க? உங்களுக்கு எடம் குடுத்துருக்குறாங்களே?”

சத்தியமாக அவள் அதைச் சொல்ல நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. விருத்தாசலத்தின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் அதிகாரிகளுக்கென்றே உள்ள அந்த மஞ்சள் நிறத்துக்கு வந்து நின்றது. பிறகு அவர் பெருந்தன்மையோடு குரலைத் தாழ்த்தினார்.

“உன் நல்லதுக்குச் சொல்றேன். ஏன் குளிப்பாட்டுன? அழுக்கா உட்டுட்டா எங்காளு திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். போயி அத நல்லா சாக்கடையில பொரட்டி எடு. சீக்கு புடிச்ச மாதிரி இருக்கட்டும். நானே ரிப்பன அவுத்துடச் சொல்றேன். பேன் புடிச்ச கோழி மேல வாரியம் கையே வெக்காது.”

“அப்போ கோழி நலம்னு போர்டுல எழுதி வெச்சிருக்கறது?”

“அது நலமா இருக்கற கோழிங்களுக்கும்மா.”

வீட்டுக்கு வந்து சொன்னாள். நடராசன் தான் ஓட்டும் மினி லாரியிலிருந்து இறங்காமலே கேட்டான். “பெரிய பேஜாராப் போச்சே. அந்தாளு சொல்றதுதான் சரி. நாலு நாளைக்கு அழுக்கா இருந்தா செத்தா போயிடும்? உசுரு பெருசா, சோப்பு பெருசா?”

நியாயமான கேள்விதான். கோவிந்தம்மாள் அம்சவேணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சாக்கடை வரைக்கும் போனாள். கறுப்பாக, கொழகொழவென்று, வாழ்நாளில் யாரும் தூர் வாராத சாக்கடை. அம்சவேணி அவள் கை மடிப்பில் கழுத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், சாக்கடையைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் கோபம் வந்தது. சாக்கடையை வாராதவன் குற்றவாளி இல்லை, கோழியைக் கழுவியவள் குற்றவாளியா?

“என் கோழி சுத்தமா இருக்கறதுக்கு நான் எவன் காலுல உழணும்?” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அந்த நேரத்தில் தெருவில் இருந்தது ஒரு நாயும் ஐஸ் வண்டிக்காரரும்தான். இருந்தாலும் சொன்னாள்.

அதோடு விடவில்லை. ஞாயிறும் இல்லை ஒன்றும் இல்லை, டப்பை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்து நடுத்தெருவில் போட்டாள். வெந்நீர் விளாவினாள். போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அம்சவேணிக்கு நுரை பொங்கத் தேய்த்தாள். மஞ்சளை இந்த முறை சிட்டிகையாகப் போடவில்லை, கை நிறையப் போட்டாள்.

பக்கத்து வீட்டு மஹபூப் பீவி எட்டிப் பார்த்தாள். கோட்டக்குப்பத்திலிருந்து இங்கே குடிவந்தவள். மகன் துபாயில் இருக்கிறான், வீட்டில் அவளும் ஒரு முரட்டுச் சேவலும்தான். விஷயத்தைக் கேட்டாள். உள்ளே போனாள். சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் டப்போடு வந்து சேர்ந்தாள்.

“யக்கா, உனக்கு ஏன் இந்த வம்பு?” என்றாள் கோவிந்தம்மாள்.

“வம்பா? நாத்தம் புடிச்சவன், இவனும் குளிச்சு நாளாச்சு. துபாய்லேந்து புள்ள அனுப்பின ஷாம்பு வேற வீணாப் போவுது.”

சேவல் குளியலை ஒப்புக்கொள்ளவில்லை. தெரு முழுக்க நுரையோடு ஓடியது. அதைப் பிடிக்க நாலு பேர் ஓட, தெருவே திரண்டுவிட்டது. இதற்குள் செய்தி எட்டி பிரவீன்குமாரும் வந்துவிட்டார். ஈரச் சேவலைப் பார்த்ததும் கையில் ரிப்பனை எடுத்தார்.

“இது எந்தக் கோயிலு?”

“ஏம்ப்பா, நான் முட்டாக்குப் போட்டுக்கினு நிக்கறது உன் கண்ணுக்குத் தெரியலயா?”

“சரி, எந்த தர்கா?”

“எங்க ஊட்டுக் கொல்லப்பக்கம்.”

பிரவீன்குமார் ரிப்பனைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். சேவலின் பக்கம் ஒரு அடி வைத்தார். சேவலும் அவர் பக்கம் ஒரு அடி வைத்தது. அவர் தள்ளிப் போய் நின்று விழுப்புரத்துக்குப் போன் போட்டார். போனில் அந்தப் பக்கம் வந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. வியாழக்கிழமை காலையில் கோவிந்தம்மாள் கோழியோடு தலைமை அலுவலகத்துக்கு வந்து இயக்குநரின் முன்னால் நிற்க வேண்டும், இல்லையென்றால் வாரியம் வீடு புகுந்து கோழியை எடுத்துக்கொள்ளும். சேவலைப் பற்றி இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அம்சவேணியைக் கூடையில் வைத்து, பையில் ஒரு துண்டும் கொஞ்சம் கேப்பையும் போட்டுக்கொண்டு கோவிந்தம்மாள் விழுப்புரம் பஸ் ஏறினாள். பஸ்ஸில் பாதிப் பேர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பக்கத்து சீட்டு அம்மாள் கூடைக்குள் பார்த்து, “பாவம், உடம்புக்கு இன்னா?” என்று கேட்டாள்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறா. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க.”

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. ஆனாலும் மடியிலிருந்த வறுத்த மல்லாட்டையை உடைத்து, கடலையின் தோலை ஊதிவிட்டு, கூடைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். முண்டியம்பாக்கத்தில் இறங்கும்போது, “தைரியமாப் போ, கண்ணு,” என்றாள். கோழியைச் சொன்னாளா, கோவிந்தம்மாளைச் சொன்னாளா என்பது தெரியவில்லை. இரண்டு பேருக்குமே அது தேவைப்பட்டது.

தலைமை அலுவலகத்து ஏசி, கோழி நடுங்கும் அளவுக்கு வேலை செய்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர் செல்வகுமார். வெள்ளைச் சட்டை, வழுக்கை ஏறிய நெற்றி, மேடைக்காகவே செய்த குரல். ஓரத்தில் சித்ரா என்றொரு பெண், இயக்குநர் வாயிலிருந்து எது விழுந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. கதவோரம் உதவியாளர் பூவரசன் நின்றார்.

“இந்த நாட்டில் கோழிக்காகக் கண்ணீர் விட யார் இருக்கிறார்கள்?” என்று ஆரம்பித்தார் இயக்குநர். அவரைத் தவிர அறையில் இருந்தது மூன்று பேர், ஒரு கோழி. அவர் மைக்கில் பேசினார். “நான் இருக்கிறேன். தினந்தோறும் மதிய உணவின்போது அவற்றை நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் நலப்படுத்திய கோழிகளில் ஒன்றுகூட இன்றுவரை எங்கள் மீது புகார் கொடுத்ததில்லை. அம்மா, உங்களுக்கு ஏன் இந்தச் சந்தேகம்?”

“ஐயா, நான் எந்தச் சாமிக்கும் நேர்ந்துக்கலீங்க. இவளக் குளிப்பாட்டினேன், அவ்ளோதாங்க.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் மூடநம்பிக்கைக்கும் வாய்ப்பேச்சுக்கும் இங்கே இடமில்லை. அறிவியல் முறையில் முடிவு செய்வோம். சிலிர்ப்புச் சோதனை!”

கோவிந்தம்மாள் விழித்தாள். பூவரசன்தான் மெதுவாக விளக்கினார். ஊர்க் கோயில்களில் வெட்டுவதற்கு முன்னால் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்களே, ஆடோ கோழியோ உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று என்று. அதையேதான் வாரியம் எடுத்துக்கொண்டு, சோதனை என்று ஒரு பெயர் வைத்து, ஏசி அறைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

“சிலிர்த்தால் நேர்த்திக் கோழி,” என்றார் இயக்குநர்.

“சிலிர்க்காட்டி?”

“அப்படி நடந்ததே இல்லை.”

“எப்படிங்க நடக்கும்? பச்சத் தண்ணிய ஊத்துனா எதுவா இருந்தாலும் சிலுப்பத்தான செய்யும்?”

“எதுவா இருந்தாலும் என்றெல்லாம் பொத்தாம் பொதுவாகப் பேசக் கூடாதம்மா. ஆதாரம் வேண்டும்.” இயக்குநர் கையை நீட்டினார். பூவரசன் வாட்டர் கூலரிலிருந்து ஒரு ஜக்கில் சில்லென்ற தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார். இயக்குநர் எழுந்து வந்து, அதில் கொஞ்சத்தை அம்சவேணியின் தலையில் கவிழ்த்தார்.

வெதுவெதுப்பைத் தவிர வேறு தண்ணீரே அறியாத கோழி அது. ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு கொண்டையிலிருந்து வால்வரை ஒரே சிலுப்பு. தண்ணீர் இயக்குநரின் சட்டையில் தெறித்தது.

“உத்தரவாயிடுச்சுங்கோ!” என்று பூவரசன் இரண்டு கையையும் தூக்கிக் கத்திவிட்டார். சின்ன வயசிலிருந்து கோயில் கோயிலாகக் கத்திப் பழகிய வாய். அறிவியல் சோதனை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

“முடிந்தது,” என்றார் இயக்குநர், ஜக்கை மேசையில் வைத்தபடி. “நாளை வரை எதற்கு? இன்றைக்கே நலப்படுத்திவிடலாம். பூவரசன், எடுத்துக்கொண்டு போங்கள்.”

பூவரசன் தயங்கித் தயங்கி ஒரு அடி வந்தார். அம்சவேணி நடுங்கிக்கொண்டே நடந்து வந்து, கோவிந்தம்மாளின் பாதத்தின் மேல் ஏறி நின்றது. அந்த ஈரக் காலின் குளிர் அவள் தலைவரை ஏறியது. வீட்டிலிருந்து கிளம்பியபோது கெஞ்ச வேண்டும், காலில் விழ வேண்டியிருந்தால் விழுந்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். இப்போது அந்த எண்ணம் போன இடம் தெரியவில்லை.

“ஆதாரம் கேட்டீங்களே ஐயா?” என்றாள்.

“என்ன?”

ஜக்கில் முக்கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவள் அதை எடுத்தாள், எட்டினாள், வீட்டுக்கோழி நல வாரியத்தின் இயக்குநர் தலையில் நிதானமாக, ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் கவிழ்த்தாள்.

இயக்குநர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு சிலுப்பினார். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, கன்னம் ஆடியது, தோளிலிருந்து தொப்பைவரை எல்லாம் ஒரு சுற்று ஆடி ஓய்ந்தன. கோழியைவிட நன்றாகவே சிலுப்பினார் என்று சொல்ல வேண்டும்.

“உத்தரவாயிடு…” என்று தூக்கிய கையோடு பூவரசன் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யோவ்! அறிவிருக்கா?” என்று இயக்குநர் பூவரசன் மேல் பாய்ந்தார். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. மேடைத் தமிழ் தண்ணீரோடு போய்விட்டது. “ஐஸ் தண்ணிய தலையில ஊத்துனா எவன்யா சிலுப்பாம இருப்பான்? இதுல இன்னா மயிரு உத்தரவு?”

அறையில் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. சித்ரா நிமிர்ந்தாள். “சார், ‘இதுல இன்னா’ வரைக்கும் ஏத்திட்டேன். அதுக்கப்புறம் இருக்கற வார்த்தையும் போடணுங்களா?”

இயக்குநர் அவசரமாக மைக்கை அணைத்தார். சோதனை செல்லாது என்று அவர் வாயாலேயே சொல்லி, அது பதிவும் ஆகிவிட்டது. பூவரசனைப் பார்த்தார். பூவரசன் கதவைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், போய் அதை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“ஒரு எழுத்து உடாதம்மா, அப்பிடியே போடு,” என்றாள் கோவிந்தம்மாள். குனிந்து அம்சவேணியின் காலிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பையிலிருந்து துண்டை எடுத்து உதறினாள்.

இயக்குநர் புருவத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வழக்கம்போல் கையை நீட்டினார். எப்போது நீட்டினாலும் அதில் ஏதாவது வந்து விழும் என்று பழகிப்போன கை.

“இருங்க. மொதல்ல இவ.”

நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, அவள் அவசரமே இல்லாமல் துவட்டினாள். கழுத்து, முதுகு, சிறகைத் தூக்கி அதன் அடியில், ஒவ்வொரு விரல் இடுக்கிலும், எல்லாம் இறகின் போக்கிலேயே. அம்சவேணி கண்ணைச் சொருகியது. முடித்ததும் அந்தத் துண்டிலேயே அதைச் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவள், திரும்பிப் பார்த்தாள். இயக்குநர் இன்னும் கையை மடக்கவில்லை. அவளுக்கே கொஞ்சம் இரக்கமாக இருந்தது.

“ஃபேனுக்குக் கீழ நில்லுங்க ஐயா,” என்றாள். “எறகு இல்லாத ஒடம்புதான, ஜல்தியா காஞ்சிடும்.”